மூன்றாம் எண் கல்

அன்புள்ள மகனுக்கு,

உன்னுடைய பனிச்சறுக்குப் பலகைகளும் தர்சினியுடையவையும், இரண்டு சோடியும், வாசல் நடையில் சுவரோடு சாய்ந்து நிற்கின்றன. விளிம்புகளுக்கு அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருக்கிறேன். எடுத்துக்கொண்டு போகுமுன் துணியை அவிழ்த்துக் கட்டைவிரல் நகத்தின் முதுகை இரும்பு விளிம்பின்மேல் குறுக்கே வைத்து மெல்ல இழுத்துப் பார். நகத்திலிருந்து வெள்ளைப் பொடி உதிர வேண்டும். நுனியிலும் வாலிலும் நான்கு விரல் அளவுக்கு உதிரக்கூடாது. அங்கே வேண்டுமென்றே மழுக்கியிருக்கிறேன், இல்லாவிட்டால் திரும்பும்போது பனி பலகையைக் கவ்வி ஆளை விழுத்திவிடும். அம்மா செய்தது, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதே. நகத்தை வைத்துப் பார். சரியில்லை என்றால் சரியில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல். இதை ஏன் இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன் என்று உனக்கு ஏற்கெனவே விளங்கியிருக்கும் என்பது என் சந்தேகம்.

இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் உனக்கு மட்டும் அனுப்பவில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். உன் தாலிக்குப் பொன்னுருக்கிய அன்று லண்டன் ஹரோவில் நம் வீட்டு முன்னறையில் இருந்த அத்தனை பேரும் படிக்கட்டும். குழுவில் இல்லாத ஒருவர் தர்சினியின் தகப்பன். அவருக்கு ஒரு பிரதியைக் கையால் எழுதித் தபாலில் அனுப்புகிறேன். நான் சொன்ன சொல்லை அத்தனை பேர் கேட்டார்கள். அதைத் திருப்பி எடுப்பதை உன் காதில் மட்டும் சொன்னால் கணக்குச் சரிவராது. குரல்பதிவு அனுப்பலாமே என்று உன் சின்னம்மா கேட்டாள். குரலில் தப்பித்துக்கொள்ள இடம் அதிகம். நடுவில் இருமலாம், அழலாம். எழுத்தில் அது முடியாது.

ஐப்பசியில் நீ, கட்டப்போகிறவள் என்று சொல்லி, முதன்முதலாகத் தர்சினியைக் கூட்டிவந்தாய். வழக்கம்போல உன் பலகைகளையும் கொண்டுவந்திருந்தாய். சாப்பாடு முடிந்ததும் நான் கராஜுக்குள் போய் வேலையைத் தொடங்கினேன். நீ சோபாவில் படுத்துவிட்டாய். அவள் மட்டும் பின்னால் வந்து, கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. வந்த முதல் நாளே ஒரு பெண் பாத்திரம் கழுவப் போனால், நல்ல பெயர் எடுக்கப் பார்க்கிறாள் என்று நினைப்பேன். பாத்திரம் கழுவப் போகாவிட்டால் அதற்கும் ஒன்று நினைப்பேன். ஆனால் இவள் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்க்கிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

பலகையை மேசையில் பக்கவாட்டில் நிறுத்திப் பூட்டி, விளிம்பு முழுவதற்கும் கறுப்பு மையால் கோடு போட்டேன். அரத்தை நுனியிலிருந்து வாலுக்கு ஒரே திசையில் இழுத்தேன். மை எங்கே போகாமல் நிற்கிறதோ அங்கே அரம் படவில்லை என்று அர்த்தம். மை முழுவதும் போன பிறகு கல்லைத் தண்ணீரில் நனைத்துத் தீட்டத் தொடங்கினேன். அரம் போட்ட விளிம்பில் மெல்லிய பிசிர் ஒன்று எழும்பி நிற்கும். விரலுக்கு அது நல்ல கூர் மாதிரித்தான் இருக்கும். ஆனால் கட்டிப் பனியில் ஒரு முறை இறங்கினால் அது மடிந்து போகும். கல்லால் அந்தப் பிசிரை எடுத்து, விளிம்பு கண்ணாடிபோல வழவழக்கும் வரை தேய்த்த பிறகு மிஞ்சுவதுதான் கூர். இவற்றையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. நாற்பது தடவை கல்லை இழுத்து முடித்து, துடைத்து வைத்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"மாமி, அந்தக் கல்லை ஒருக்காப் பார்க்கலாமோ?"

கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவில் பெருவிரலை வைத்துத் தடவினாள். பிறகு பக்கவாட்டில் ஆணியால் கீறியிருந்த எண்ணை வெளிச்சத்துக்குக் காட்டினாள்.

"மூண்டு எண்டு போட்டிருக்கு. இது கடைக் கல்லோ மாமி? எங்கட அப்பாவும் கடையில கத்தி, கல்லு எல்லாத்துக்கும் நம்பர் போட்டு வச்சிருக்கிறவர். ஒருதரும் வீட்டை கொண்டுபோகேலாது."

"அது மாமான்ர கல்லு. தா," என்று வாங்கி டப்பாவில் போட்டு மூடினேன். அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. அன்று இரவு உன்னிடம் தொலைபேசியில் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "மீன்கடைக்காரன்ர பிள்ளை, சாமானைப் பாத்தே விலை போடுறாள், கவனம்" என்றேன். "அம்மா, அவள் பல் டொக்டர்," என்றாய். "பல் டொக்டர் எண்டால் கண் இருக்காதோ?" என்றேன். அவள் தகப்பன் ஃபாரஸ்ட் கேட்டில் மீன்கடை வைத்திருப்பது எனக்குக் குறையாகப் பட்டது என்றுதான் நீ நினைத்தாய். நானும் உன்னை அப்படியே நினைக்க விட்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. உண்மையில் நான் அவளைப் பிடிக்காமல் போனது அந்த மூன்றை அவள் வாசித்த நிமிடத்தில்தான். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கல் நம்மோடு இருக்கிறது. நீ அதை எத்தனையோ தரம் கையில் எடுத்திருக்கிறாய். ஒருநாளும் அந்தக் கீறலை என்னவென்று கேட்டதில்லை. அவள் பத்து நிமிடத்தில் கேட்டாள்.

நான் சந்தேகப் பிராணி என்று நீ உன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும். பிறவிக் குணம் இல்லை. கொன்வென்டில் படித்தது. தையல் வகுப்பு முடிந்ததும் சிஸ்டர் ஒரு சிவப்பு வெல்வெட் துண்டை மேசையில் விரிப்பா. ஒவ்வொருத்தியும் வந்து தன் ஊசியை அதில் குத்த வேண்டும். எண்ணி முடித்து முப்பத்திரண்டு இருந்தால்தான் கதவு திறக்கும். ஒருநாள் முப்பத்தொன்றுதான் இருந்தது. மழை, வெளியே எங்கள் தகப்பன்மார் குடையோடு நிற்கிறார்கள், நாங்கள் முழங்காலில் நின்று பலகை இடுக்கெல்லாம் தேடுகிறோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவளில் எனக்குச் சந்தேகம். எழும்பிப் போய்ச் சொன்னேன். சிஸ்டர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "எங்கே என்று தேடு. யார் என்று நான் கேட்கவில்லை," என்றா. ஊசி என் பாவாடைக் கரையிலேயே குத்தியிருந்தது. எண்ணிப் பார்க்க அங்கே படித்துக்கொண்டேன். மற்றதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்கழியில் அவள் தனியாக வந்தாள். அழைப்பிதழ்க் கட்டைக் கொண்டுவந்து தந்து, தேத்தண்ணி குடித்து, அவசரமில்லை, கலியாணத்துக்குக் கிட்டத் தீட்டினால் போதும் என்று கராஜில் தன் பலகைகளை வைத்துவிட்டுப் போனாள். யாரோ பாவித்துவிட்டு விற்றதை வாங்கியிருந்தாள்; விளிம்பெல்லாம் துரு. போனவுடன் நான் எண்ணினேன். ஆமாம், எண்ணினேன், வருகிறவர்கள் போனபின் எண்ணாமல் நான் இருந்ததே இல்லை. அரம் இருந்தது, துரு தேய்க்கிற இறப்பர் கல் இருந்தது, மற்ற இரண்டு தீட்டுக்கல்லும் இருந்தன. மூன்றாம் எண் கல்லைக் காணவில்லை.

நான் அவளை அழைத்துக் கேட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் அவள் அந்த எண்ணைப் பற்றித் திருப்பிக் கேட்பாள் என்ற பயம். எங்கேயோ கொண்டுபோய்க் காட்டப்போகிறாள், விசாரிக்கப்போகிறாள், கலியாணத்துக்குப் பிறகு என்றாவது ஒருநாள் என்னோடு சண்டை வந்தால் எடுத்து வைக்கப் பத்திரப்படுத்துகிறாள் என்றெல்லாம் நினைத்தேன். சிரிக்காதே. பல் பிடுங்குகிற பிள்ளைக்கு முப்பது வருடத்துக்கு முந்திய சுவிஸ் கடைக் கல்லை விசாரிக்க நேரம் எங்கே இருக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த தடவை நீங்கள் இருவரும் வந்தபோது கராஜ் அலமாரிக் கதவில், திறந்தால் அறுகிற மாதிரி, ஒரு தையல் நூலை ஒட்டி வைத்தேன். நூல் அறுந்திருந்தது. அறுத்தது நீ என்று இப்போது தெரிகிறது. பெயின்ட் டப்பா எடுக்கப் போயிருக்கிறாய். அன்று நான் அதை எழுதி வைத்தேன், திகதியும் நேரமும் போட்டு.

பொன்னுருக்கு நாள் வந்தது. ஆசாரியார் கும்பத்துக்கு முன்னால் சின்ன அடுப்பை மூட்டித் தாலிக்கான தங்கக் காசை உருக்கினார். உருக்கிய பொன்னைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க ஒவ்வொருவராகக் கொண்டுபோனார்கள். பெண் வீட்டுப் பக்கமாக அவள் தகப்பன் வந்து, கதவுக்குப் பக்கத்துக் கதிரையில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு இருந்தார். அந்தப் பையைக் கீழே வைக்காமல் ஏன் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம். தட்டு என்னிடம் வந்தது. நான் பொன்னைத் தொட்டேன். தொட்ட கையோடு சொன்னேன்:

"இதை வடிவாய்ப் பூட்டி வையுங்கோ. இந்த வீட்டில இப்ப சாமான் காணாமல் போகுது. அந்தப் பிள்ளை வந்துபோன நாளிலயிருந்து."

"அக்கா, உங்களுக்கு என்ன விசரே?" என்று சின்னம்மா என் கையைப் பிடித்தாள்.

"விசரில்லை. அவற்ர கல்லைக் காணேல்லை. நான் எண்ணிப் பாத்துத்தான் சொல்லுறன்."

தர்சினியின் தகப்பன் எழும்பி வந்தார். பைக்குள் கைவிட்டுப் பேப்பரில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து, பிரித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அக்கா, இதைத்தானே தேடுறியள்? மகள் கொண்டந்து தந்தவ. நடுவில நல்லாய்ப் பள்ளம் விழுந்திட்டுது. பெரிய கல்லில போட்டுத் தேய்ச்சுச் சமப்படுத்தியிருக்கிறன். நத்தாருக்கு மீன் யாவாரம், அதுதான் சுணங்கிப்போச்சு. இண்டைக்குத் தாறன் எண்டு பிள்ளைக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்."

அந்த இடத்தில் ஒரு மனுசி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்று நீ பார்த்தாய். உன் மேசையிலிருந்து இரும்பு அடிமட்டத்தை எடுத்து, கல்லின்மேல் நிறுத்தி, யன்னலடியில் போய்ப் பிடித்துப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். நீளம், குறுக்கு, மூலைக்கு மூலை எல்லாம் பார்த்தேன். அடிமட்டத்துக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு நூல் வெளிச்சம்கூட வரவில்லை. பக்கவாட்டில் கீறியிருந்த மூன்றை அவர் தொடாமல் அப்படியே விட்டிருந்தார். நான் திரும்பி வந்து, "கேளாமல் எடுத்தது எடுத்ததுதானே," என்றேன்.

"ஓம் அக்கா. அது பிழைதான்," என்றார் அவர். பலகாரத் தட்டைத் தொடாமல், தேத்தண்ணியும் குடியாமல், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

எல்லாரும் போன பிறகு நீ கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்று சொன்னாய்: "அம்மா, கலியாணத்துக்கு வாறதெண்டால் அவையளிட்டை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோ. ஏலாதெண்டால் வராதேங்கோ. நான் சின்னம்மாவை வச்சுத் தாலியைக் கட்டுறன்." நீ சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். ஸ்ட்ரெதமில் உன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எப்போதும் அனுப்புகிற ஒரு சொல்கூட அன்று உன்னிடமிருந்து வரவில்லை. எனக்கு இருப்பது நீ ஒருவன். அந்த இரவு முழுவதும் கல்லை மடியில் வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமல் கலியாணத்துக்குப் போக ஏதாவது வழி இருக்கிறதா என்றுதான் யோசித்தேன்.

இப்போது உனக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். அந்தக் கல் உன் அப்பாவுடையது இல்லை.

சுவிசில் அந்த மலைக் கிராமத்தில் அப்பா ஹோட்டல் குசினியில் வேலை செய்தது உனக்குத் தெரியும். நான் ஒரு கடையில் கணக்கு எழுதினேன் என்று உனக்கும் லண்டனில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இல்லை. நான் பனிச்சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுக்கிற கடையில், நிலத்துக்குக் கீழே இருந்த அறையில், ஒன்பது குளிர்காலம் விளிம்பு தீட்டினேன். பின்னேரம் திரும்பி வருகிற பலகைகள் காலையில் கூராக நிற்க வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. கையெல்லாம் தண்ணீரும் இரும்புக் கறுப்பும். வேலை எனக்கு அப்பா சொல்லித் தந்தது என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அப்பாவுக்கு அரம் பிடிக்கவே தெரியாது. ஆங்கிலத்தில் முதல் பரிசு வாங்கியவள் நிலவறையில் நின்று அரம் இழுத்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அங்கே நான்கு மேசை. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கல், கல்லில் மேசை எண். மூன்று என்னுடையது. இரண்டாம் மேசையில் இல்டா என்று ஒரு போர்த்துக்கீசப் பெண். எனக்கு அவளுடைய வேலை பிடிக்காது. நாற்பது தரம் இழுக்க வேண்டியதை முப்பதோடு நிறுத்திவிட்டுப் பாட்டுப் பாடுவாள். ஆனால் நீ வயிற்றில் இருந்த குளிர்காலம் முழுவதும் என் பலகைகளை மேசையில் தூக்கிப் பூட்டித் தந்தவள் அவள்தான். நான் கேட்டதில்லை. அவளாகவே வந்து தூக்குவாள்.

நீ பிறந்து எட்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலை என் கல்லைக் காணவில்லை. முதல்நாள் கடைசியாக அந்த அறையிலிருந்து போனவள் இல்டா. நான் மேலே போய் முதலாளியிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். மற்றவர்களும் நின்றார்கள். ஒருவரும் கேட்காமலே அவள் தன் பையை மேசையில் கொட்டினாள். ஒரு சீப்பு, துணியில் சுற்றிய பாண், ஒரு பிள்ளையின் ஒற்றைக் காலுறை. கல் இல்லை. ஆனாலும் முதலாளி அவளை அன்றே அனுப்பிவிட்டான். அவளுடைய பாட்டு அவனுக்கும் பிடிக்காது. அவள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப அடுக்கினாள். அவள் ஒரு வேலையை நிதானமாகச் செய்ததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பின்னேரம் அப்பா வந்து கோட்டுப் பையிலிருந்து கைலேஞ்சியில் சுற்றிய கல்லை எடுத்து வைத்தார். முதல்நாள் என் பையிலிருந்து எடுத்துப் போயிருக்கிறார். நான் அதை ஏப்ரனோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தது எனக்கே நினைவில்லை.

"உன்ர கல்லு நல்ல கல்லப்பா. குசினிக் கத்தியெல்லாம் இப்ப பேப்பர் வெட்டுது," என்றார்.

நான் விசயத்தைச் சொன்னேன். அவர் கல்லைத் திரும்பக் கைலேஞ்சியில் சுற்றினார். "நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்து உள்ளதைச் சொல்லு."

"ஏலாது. என்னையும் நிப்பாட்டிப்போடுவான். பிள்ளையை வச்சுக்கொண்டு என்ன செய்யிறது?"

உன்னைக் காரணம் காட்டினேன். அவர் நம்பினாரோ தெரியாது, பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் காரணம் நீ இல்லை. அந்தக் கடையில் என் வேலையில் ஒருவரும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவர்களுக்கு முன்னால் போய் "பிழை என்னுடையது" என்று சொல்ல என்னால் முடியவில்லை. முதலாளி எனக்குப் புதுக் கல் தந்தான். பழைய கல் வீட்டில் தங்கிவிட்டது. திருப்பிக் கொடுத்தால் அகப்படுவேன், எறிந்தால் அப்பா எங்கே என்று கேட்பார். அதனால் பாவித்தேன். பாவித்தேன், ஆனால் உற்றுப் பார்த்ததில்லை. பார்த்தால் மூன்று தெரியும். அதனால்தான் நடுவில் விழுந்த பள்ளத்தையும் நான் பார்க்கவில்லை. பள்ளம் விழுந்த கல் விளிம்பைக் கூராக்காது, உருட்டிவிடும். இந்த வேலையில் அதைவிடச் சின்னப் பாடம் இல்லை. கொன்வென்டில் படித்தவளுக்கு அது தெரியாமல் போனது இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை தர்சினி வந்தாள். பொன்னுருக்கிய பிறகு மணப்பெண் வெளிக்கிடக் கூடாது என்று அவள் தாய் மறித்தும் ஹரோவுக்கு ரயில் ஏறி வந்திருக்கிறாள். கதவைத் திறந்ததும், சண்டை பிடிக்க வந்திருக்கிறாள், அல்லது அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சப்பாத்தைக் கழற்றாமல் நடையிலேயே நின்றாள்.

"மாமி, கேளாமல் எடுத்தது பிழை. அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனான். கேட்டால் தரமாட்டியள் எண்டுதான் எடுத்தனான். நீங்கள் வருசத்தில ஒருக்காத்தானே எடுக்கிறனீங்கள், அதுக்குள்ள வச்சிடலாம் எண்டு நினைச்சிட்டன்."

"கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டன்தான்," என்றேன். "ஆனால் உனக்கு ஏன் அந்தக் கல்லில இவ்வளவு அக்கறை?"

அவள் சொல்லத் தயங்கினாள். நான் விடவில்லை. கடைசியில் வந்தது. நீ ஒவ்வொரு வருடமும் நான் தீட்டித் தந்த பலகைகளைக் கொண்டுபோய், மலையில் இறங்கிய அன்றே அங்கே ஒரு கடையில் கொடுத்து, மெசினில் திரும்பக் கூராக்கிக்கொண்டுதான் ஏறுகிறாய். நான்கு வருடமாக. திரும்பி வந்து எனக்கு, "நல்லாப் பிடிச்சுது அம்மா, கத்தி மாதிரி," என்று சொல்கிறாய். அந்தக் குரல் கொஞ்சம் கூடுதலாக இனிக்கிறதே என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. என் சந்தேகங்களில் சரியாய் வந்தது அந்த ஒன்றுதான்.

"நானும் அப்பிடியே பொய் சொல்லவேணும் எண்டு அவர் சொன்னவர்," என்றாள் தர்சினி. "எனக்கு அது ஏலாது மாமி. உங்கட கையில பிழையில்லை. கல்லிலதான் பிழை. நான் நிண்டு பாத்தனான்."

நான் அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தி, இல்டாவின் கதையைச் சொன்னேன். உன் அப்பாவுக்குப் பிறகு அதைக் கேட்டவள் அவள்தான். உனக்கு முன்னால் அவளுக்குச் சொன்னதற்கு நீ கோபிக்க வேண்டாம். மூன்று என்ன என்று கேட்டவள் அவள். சொல்லி முடித்ததும் "பரவாயில்லை மாமி" என்பாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். அவள் கேட்டது, "அந்த அம்மாவின்ர முழுப்பேர் என்ன?"

"தெரியாது."

"ஒன்பது வருசம் பக்கத்தில நிண்டு வேலை செய்து…"

"மூண்டு வருசம். பேந்து அவள் இல்லை."

அவள் எழும்பினாள். "எனக்கு இன்னும் கோவம்தான் மாமி. என்னைக் கள்ளி எண்டதுக்கில்லை, அப்பாவை முன்னால வச்சுக்கொண்டு சொன்னதுக்கு. ஆனால் கலியாணத்துக்கு வாங்கோ. அப்பா உங்களுக்கெண்டு முன்வரிசையில கதிரை சொல்லிப்போட்டார். நீங்கள் வராட்டி அந்தக் கதிரையில ஒருதரையும் இருக்க விடமாட்டாராம்."

மகனே, என்னிடமிருந்து நீ எதிர்பார்த்த ஒரு சொல் இதுதான். தர்சினியைத் திருடி என்று நான் சொன்னது பிழை. அவளுடைய தகப்பனை நம் வீட்டிலிருந்து பசியோடு போக வைத்தது அதைவிடப் பெரிய பிழை. இந்தக் கதையில் திருடி என்று ஒருத்தி இருந்தால் அது நான். இல்டாவுக்கும் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குத் தமிழ் தெரியாது, முகவரியும் எனக்குத் தெரியாது. அவளைப் பிழையாகச் சொன்ன அன்று கேட்டவர்கள் வேறு, இன்று படிக்கிறவர்கள் வேறு. இது போதாது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு நான் கொடுக்காமல் விட்டதை யாருக்கும் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா மனம் நோகும் என்று நீ நான்கு வருடம் பொய் சொன்னாய். பள்ளம் விழுந்த கல்லோடு என்னை விட்டுவிட்டுப் போனாய். அவள் எடுத்துக்கொண்டு போய்த் திருத்திக் கொண்டுவந்தாள். உன் மரியாதையைவிட அவளுடைய களவு எனக்கு மேலாகப் படுகிறது. அவளிடம் ஒருநாளும் அந்த இனிப்புக் குரலில் பேசாதே. கண்டுபிடித்துவிடுவாள், நான் கண்டுபிடித்ததைவிடக் கெதியாக. என்னைப்போல எண்ணிக்கொண்டும் இருக்காதே. ஒன்றைக் காணாவிட்டால் எங்கே என்று கேள். முதலில் உன் பையைப் பார். என் சந்தேகம் முழுவதும் போய்விடும் என்று உனக்கு வாக்குத் தரமாட்டேன். எழுபத்தொரு வயதில் அது போகாது. கலியாண மண்டபத்தில் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நான் எண்ணத்தான் செய்வேன். எண்ணியதை வெளியே சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என்னைக் கூட்டிப்போக நீ வர வேண்டாம், மாப்பிள்ளைக்கு வேறு வேலை இருக்கும். மண்டபத்துக்குள் போனதும் கதிரையில் இருக்க முதல் தர்சினியின் தகப்பனிடம் போவேன். பலகாரப் பெட்டி ஒன்று என் கையில் இருக்கும். அவர் அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சாப்பிடும் வரை முன்னால் நிற்பேன். அவர் எடுக்காவிட்டால் தாலி கட்டும் வரையும் நிற்பேன். நீ மணவறையிலிருந்து பார்க்கலாம்.

கல் இப்போது என்னிடம் இல்லை. செவ்வாய்க்கிழமை தர்சினி போகும்போது அவள் கையில் கொடுத்துவிட்டேன், அவள் பார்த்து நிற்க உங்கள் இருவருடைய பலகைகளையும் அதில் தீட்டி முடித்த பிறகு. திருத்திய கல்லில் விளிம்பு எப்படி வருகிறது என்று நகத்தை வைத்துப் பார், உனக்கே தெரியும். இனிமேல் அந்த மெசின் கடைக்குக் கொடுக்காதீர்கள். எப்போது திருப்பித் தருவாய் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. ஆனால் கொடுக்குமுன் கல்லின் முகத்தில் பென்சிலால் ஐந்து கோடு போட்டுத்தான் கொடுத்தேன், முனைக்கு முனை, அடிமட்டம் வைத்து. அப்பாவின் பெரிய கல்லில் போட்டுச் சமமாகத் தேய்த்தால்தான் ஐந்தும் அழியும், பள்ளம் இருந்தால் அங்கே கோடு நிற்கும் என்று அவளுக்கும் சொன்னேன். அடுத்த முறை நான் அந்தக் கல்லைப் பார்க்கும்போது அதில் ஒரு கோடும் மிஞ்சியிருக்கக் கூடாது.

அம்மா